கடைசிக் கூறு

ஒரு தக்காளியை எடுத்து இன்னொரு தக்காளியின் பக்கத்தில் வைக்க யாருக்கும் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் கூறுக்காரி வைத்தால், வாங்க வராதவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

காலையில் கூடை வந்து இறங்கியதும் அவள் சாக்கை விரிப்பாள். கூடையைக் கவிழ்ப்பாள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு மொத்தத்தையும் ஒரு பார்வை பார்ப்பாள். வீட்டை வாடகைக்கு விடுகிறவள், கேட்டு வந்த குடும்பத்தைப் பார்க்கிற பார்வை அது. எது அடக்கமாக இருக்கும், எது மூன்றாம் நாளே அழுகி மானத்தை வாங்கும் என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிறகு உட்காருவாள். அவள் எழுந்திருக்கும்போது சாக்கின் மேல் பன்னிரண்டு கூறுகள் இருக்கும். எல்லாம் ஒரே விலை.

பெரிய தக்காளி விழுந்த கூறில் எண்ணிக்கை ஒன்று குறையும். கனிந்தது விழுந்த கூறில் ஒன்று கூடும். தோலில் வடு உள்ளது ஒன்று இருந்தால், அதன் பக்கத்திலேயே அந்த வடுவை மறக்கடிக்கிற மாதிரி கல்லுப்போல் ஒன்று உட்கார்ந்திருக்கும். யாராவது ஒரு கூறிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட்டு மாற்றப் பார்த்தால், "கண்ணை வை, கையை வைக்காத" என்பாள். அதற்கு மேல் அவள் பேசியதில்லை. பேச வேண்டி வந்ததும் இல்லை.

அவள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூறு போட்டவள் எதையும் தனக்கென்று பொறுக்கக் கூடாது. வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சுகிற கடைசிக் கூறுதான் அவளுடையது. அதை விற்கவும் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்க வேண்டும். கள்ளத்தனம் செய்ய நினைக்கிறவளுக்கு அன்றைய குழம்பே தண்டனை. பத்தொன்பது வருடமாகக் கூறுக்காரி கடைசிக் கூறைத்தான் சமைக்கிறாள். ஒரு நாளாவது அவள் வீட்டுச் சட்டியில் அழுகின தக்காளி விழுந்தது என்று அவள் வீட்டுக்காரர் சொல்லட்டும், பார்க்கலாம். பாரவண்டி இழுக்கிற மனுஷர். நாக்கு மட்டும் ராஜாவுடையது.

பக்கத்துக் கடை அவளுடைய நாத்தனாருடையது. வீட்டுக்காரரின் தங்கை. அவளிடம் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. சிவப்பு எழுத்தில் எண் ஓடும். காலையில் கடை திறந்ததும் அதற்குத்தான் முதலில் துடைப்பு, பிறகுதான் காய்கறிக்கு.

"அண்ணி, இன்னும் எத்தனை நாளைக்கு மண்ணுல வீடு கட்டி விளையாடப் போறீங்க?" என்பாள், வாரத்துக்கு ஒரு தடவையாவது.

"உன் பொட்டிக்கு பேட்டரி தீர்ந்தா சொல்லு. என் கண்ணைக் கொஞ்ச நேரம் கடன் தர்றேன்" என்பாள் இவள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் படிவக்காரர் வந்தார்.

சந்தைக்குப் புதுக் கட்டடம் எழும்பி முடிந்திருந்தது. கூரை, தண்ணீர்க் குழாய், கடைக்கு ஒரு மின்விளக்கு, கழுவித் துடைத்த சிமெண்டு மேடை. உள்ளே இடம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதற்காக வந்தவர் முப்பத்தைந்து வயதுக்காரர். மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல். எதை எழுதினாலும் அடியில் அந்த ஸ்கேலை வைத்துக் கோடு இழுப்பார். தன் பெயரை எழுதினால்கூட.

நாத்தனார் கடையில் அவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. என்ன பொருள், காய்கறி. என்ன அளவு, கிலோ. கோடு. கையெழுத்து.

கூறுக்காரியின் முன்னால் வந்து உட்கார்ந்தவர், அளவு என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்; பேனா அப்படியே நின்றுபோயிற்று.

"எதுல விக்கிறீங்கம்மா?"

"கூறுல."

"அதில்லம்மா. கிலோவா, டஜனா, பெட்டியா?"

"கூறு சார். பாக்கறீங்கல்ல, கண்ணு முன்னாலதான இருக்கு."

படிவம் இங்கிலீஷில் இருந்தது. மேலே உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அதுதான் தோதாம். அவர் கையில் ஒரு வார்த்தைப் பட்டியலும் இருந்தது. புரட்டினார். கூறு என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவால் நெற்றியைச் சொறிந்துவிட்டு, பென்சிலை எடுத்து ஒரு சின்ன வார்த்தை எழுதினார்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"ஹீப்."

"அப்படின்னா?"

அவருக்கு இங்கிலீஷ் மேல் ஒரு பிரியம் உண்டு என்பது அப்போது தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "குவியல்மா. ஆனா சும்மா குவியல் இல்ல. ஸ்டாக்குன்னா ஒண்ணு மேல ஒண்ணா சீரா அடுக்கினது. பைல்னா அடுக்கினதும் இருக்கலாம், அடுக்காததும் இருக்கலாம், நடுவுல ஒண்ணு…"

"பைல்ஸா? அது ஆஸ்பத்திரி சமாச்சாரமாச்சே!" என்றாள் நாத்தனார் பக்கத்துக் கடையிலிருந்து.

"அது வேறம்மா. ஹீப்னா, ஒழுங்கில்லாம கொட்டிக் கிடக்கிறது. அழுக்குத் துணி, இலைச் சருகு, இடிச்சுப் போட்ட செங்கல், இதையெல்லாம் சொல்லலாம்."

கூறுக்காரியின் கை, எடுத்த தக்காளியோடு அந்தரத்தில் நின்றது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் ஆபத்து என்று நாத்தனாருக்குத் தெரியும். "தானியம் கொட்டினா அம்பாரம். வைக்கோல் சேர்த்தா போர். மூட்டை ஏத்தினா அட்டி. பாத்திரம் வெச்சா அடுக்கு. மண்ணு கொட்டினா மேடு. குப்பை கொட்டினாத்தான் குவியல். இவ்வளவும் இருக்க, நீங்க பொறுக்கி எடுத்துக்கிட்டு வந்து என் தலையில கட்டுறது குப்பைக்கு உள்ள வார்த்தையா?"

"ஐயய்யோ, நல்ல விதமாவும் சொல்வாங்கம்மா. நிறைய நன்றி சொல்லணும்னா, ஹீப் ஹீப்பா நன்றின்னு சொல்றதுண்டு. நிறைய நேரம் இருக்குன்னா ஹீப் ஹீப்பா நேரம். அன்பைக்கூடச் சொல்லலாம்."

"நன்றியையும் நேரத்தையும் குவிச்சு வெப்பாங்களா?"

"பேச்சுக்குச் சொல்றதும்மா. கணக்கில்லாம இருக்குன்னு அர்த்தம்."

"என்னுது கணக்கில்லாதது இல்ல சார்" என்றாள் அவள். "என்னுதுல இருக்கிற கணக்கு உங்க பட்டியல்ல இல்ல. அவ்வளவுதான்."

சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சந்தையில் காசில்லாமல் கிடைக்கிற ஒரே பொருள் வேடிக்கை. படிவக்காரர் கெட்டவரில்லை, சங்கடப்பட்டார். ஸ்கேலை எடுத்தார், திரும்பப் பையில் வைத்தார்.

"அம்மா, என் நிலைமையையும் பாருங்க. உள்ள இடம் குடுக்கணும்னா அளவு நிலையா இருக்கணும். ஆளுக்கு ஒண்ணு, நாளுக்கு ஒண்ணுன்னு இருக்கக்கூடாது. அளவே இல்லாம விக்கிறவங்களுக்கு வெளிவாசல் ஓரமா இடம் ஒதுக்கியிருக்காங்க."

வெளிவாசல் ஓரம் எது என்று எல்லோருக்கும் தெரியும். கழிவுத் தொட்டிக்குப் பத்தடி. அங்கே தக்காளியை வைத்தால் தக்காளியா தொட்டியா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

"நாளை மறுநாள் வர்றேன்" என்றார் அவர். "உங்க கூறெல்லாம் நிறுத்திப் பார்க்கறேன். முன்னப்பின்ன அம்பது கிராமுக்குள்ள இருந்துச்சுன்னா, இதுவும் ஒரு அளவுதான்னு எழுதிடறேன். இல்லைன்னா நீங்க தராசுக்கு மாறணும், இல்ல வெளிவாசல்."

பென்சிலில் எழுதிய அந்த வார்த்தையின் அடியில் மட்டும் அவர் கோடு இழுக்கவில்லை. அது அவருடைய கருணை.

அன்று சாயங்காலம் வரை கூறுக்காரிக்கு அதே யோசனைதான். வெளிவாசல்கூட அவளுக்குப் பெரிதில்லை. மழையையும் வெயிலையும் பார்க்காத தலையா? ஆனால் அந்தச் சின்ன வார்த்தை மை ஏறி, கையெழுத்து ஏறி, மேலே போய் ஒரு அலமாரியில் உட்கார்ந்துகொள்ளும். பத்தொன்பது வருடம் கண் பார்த்து, கை பார்த்துச் செய்த வேலைக்கு, அழுக்குத் துணி என்று பெயர் விழும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நாத்தனார் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணி, வெக்கப்படாதீங்க. நாளைக்கு ஒரு நாள் இதுல வெச்சுப் பழகிக்குங்க. கூறு கூறாவே இருக்கட்டும், எடை மட்டும் ஒண்ணா வந்துட்டா அந்த ஆளு வாயடைச்சுப் போயிடுவான்."

சொன்னது கிண்டலில்லை, உதவிதான். அதனாலேயே மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை கூறுக்காரி வாழ்க்கையில் முதல்முறையாகத் தக்காளியைப் பார்க்காமல் சிவப்பு எண்ணைப் பார்த்துக் கூறு போட்டாள். எண் கொஞ்சம் கூடினால் ஒன்றை எடுத்தாள். குறைந்தால் கைக்கு அகப்பட்ட சின்னது ஒன்றைப் போட்டாள். பன்னிரண்டு கூறும் ஒன்றுக்கொன்று இருபது கிராம் பிசகவில்லை. எண் அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. அவளும் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

முதலில் வந்தவர் மெஸ்காரர். அவர் தினம் இரண்டு கூறு எடுப்பார். பார்க்கக்கூட மாட்டார், பையைத் திறந்து பிடிப்பார், அவ்வளவுதான். அன்று குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு இது ஒரு மாதிரியா இருக்கே?"

"எல்லாம் ஒண்ணுதான். எடுங்க."

எடுத்தார். அடுத்து வந்த தையல்காரர் ஒரு கூறிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து இன்னொன்றில் வைத்து, அங்கிருந்து ஒன்றை இங்கே போட்டார். கூறுக்காரி திடுக்கிட்டாள். பத்தொன்பது வருடத்தில் அந்த மனுஷரின் விரல் நீண்டதில்லை. "கண்ணை வை" என்று ஆரம்பித்தவளுக்கு மீதி வரவில்லை. ஏனென்றால் அவர் மாற்றிய பிறகு அந்தக் கூறு உண்மையாகவே நன்றாக ஆகிவிட்டது.

அப்புறம் அணை உடைந்தது. டீச்சர் இதிலிருந்து இரண்டு எடுத்து, அதிலிருந்த இரண்டோடு மாற்றிப் போட்டாள். அதன் மேல் முன்பே கண் வைத்திருந்த ஒருத்தி, "நான் முதல்ல பார்த்தேன்" என்றாள். டீச்சர், "பார்த்தா உன்னுதா?" என்றாள். அவள் சாக்கின் முன்னால் சண்டை! பக்கத்துக் கடைகளில் எல்லாம் நடக்கும், இங்கே நடந்ததில்லை. வெயில் ஏறுவதற்குள் பதினொரு கூறு போயிற்று. எடுத்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனார்கள்.

மிஞ்சியது பன்னிரண்டாவது. எல்லோரும் ஒதுக்கித் தள்ளியதெல்லாம் சேர்ந்த ஒன்று. நசுங்கினது, வெடித்தது, பாதி பச்சை, பாதி அழுகல். நாத்தனார் வந்து பார்த்தாள். பழக்க தோஷத்தில் அதைத் தூக்கித் தராசில் வைத்தாள். எண் ஓடி நின்றது.

"அண்ணி, எடை அப்படியேதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். கூறுக்காரி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். வழக்கமாகப் பெரிய தெரு வழியாகப் போகிறவள் அன்று சந்து வழியாகப் போனாள்.

அன்றைக்குக் குழம்பு வாயில் பட்டதும் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது யார் போட்ட கூறு?" என்றார்.

அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை. மிச்சத்தைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் எட்டு வார்த்தை திரும்பக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருப்பாள்.

மறுநாள் காலை கூடை இறங்கியது. நாத்தனார் தராசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துட்டுப் போடி" என்றாள் கூறுக்காரி.

"அண்ணி, இன்னிக்குத்தான் அந்த ஆளு வர்றாரு. அம்பது கிராம் தாண்டினா…"

"தெரியும். நேத்து நான் அளந்தது அவருக்காக. இன்னிக்கு அளக்கப் போறது வாங்கறவங்களுக்காக. வெளிவாசல்னா வெளிவாசல். தொட்டி பக்கத்துல உக்காந்தாலும் என் கூறு என் கூறா இருக்கும். உள்ள போய் நேத்து மாதிரி நாறுறதுக்கு அது எவ்வளவோ மேல்."

கூடையைக் கவிழ்த்தாள். இடுப்பில் கையை ஊன்றினாள். அந்தப் பழைய பார்வை வந்து உட்கார்ந்தது. எண் இல்லாத இடத்தில் கண் நன்றாக வேலை செய்தது. எது யார் வீட்டுக்கு ஏற்றது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த நினைப்பை ஓரம் தள்ளினாள். யார் எடுத்தாலும் தகும்படி போடுவதுதான் கூறு. இன்னாருக்கென்று போட்டால் அது சலுகை.

பன்னிரண்டும் முடிந்தபோது படிவக்காரர் வந்து நின்றார். கையில் அவருடைய சொந்தத் தராசு. நாத்தனார் தராசுக்கு அண்ணன் மாதிரி பெரியது. மெஸ்காரர், தையல்காரர், டீச்சர், இன்னும் சந்தையே அங்கேதான் நின்றது.

ஒவ்வொன்றாக வைத்தார். எழுதினார். கோடு இழுத்தார். ஏழாவது கூறு வரும்போதே அவர் முகம் சோர்ந்துவிட்டது. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, மன்னிச்சுக்கணும். இதுக்கும் இதுக்கும் முன்னூத்தம்பது கிராம் வித்தியாசம் வருது."

"வரத்தான் செய்யும்" என்றாள் அவள்.

"அப்போ நான் ஹீப்புன்னுதான்…"

"யோவ் சார்!" நாத்தனார் தன் கடையை விட்டுக் கீழே இறங்கிவிட்டாள். "எங்க அண்ணியை நான் ஆயிரம் சொல்லுவேன். எனக்கு உரிமை இருக்கு. நீங்க யாரு சொல்றதுக்கு?"

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே…"

"நீ சும்மா இரு" என்று நாத்தனாரை அடக்கிவிட்டு, கூறுக்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சார், பன்னெண்டையும் நிறுத்தியாச்சு. உங்க வேலை முடிஞ்சுது. உங்க வீட்ல தக்காளி இருக்கா?"

"என்னது?"

"தக்காளி சார். இருக்கா, தீர்ந்துடுச்சா?"

அவர் யோசித்தார். "தீர்ந்துடுச்சுன்னு காலையில சொன்னாங்க."

"அப்போ ஒரு கூறு வாங்கிக்குங்க. எல்லாம் ஒரே விலை. எது வேணும்னாலும் எடுங்க. எடையெல்லாம் நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. மத்தவங்களுக்கு இல்லாத வசதி."

கூட்டம் சிரித்தது. படிவக்காரருக்கும் சிரிப்பு வந்தது. குறிப்பைப் பார்த்தார், எடை அதிகமான மூன்றாவது கூறின் பக்கம் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. மூன்றாவதில் கனிந்தவை நிறைய. இன்றே சமைத்தால் உண்டு. அவர் ஒன்பதாவதைப் பார்த்தார். எடை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பளிங்கு மாதிரி; ஒரு வாரம் தாங்கும். ஐந்தாவதில் இரண்டும் கலந்து இருந்தது, ஆனால் அளவில் சின்னது. குனிந்தார். குந்தி உட்கார்ந்தார். கண்ணாடியை மேலே தள்ளினார். மறுபடி மூன்றாவது. மறுபடி ஒன்பதாவது.

"சார், நாங்க வேலைக்குப் போகணும்" என்றார் மெஸ்காரர். குனிந்துகூடப் பார்க்காமல் பையைத் திறந்து பிடித்தார்; இரண்டு கூறுகள் உள்ளே விழுந்தன.

தையல்காரர் ஒன்று எடுத்தார். அவர் விரல் இன்று எதையும் மாற்றவில்லை. டீச்சர் ஒன்று. நேற்று டீச்சரோடு சண்டை போட்டவள் ஒன்று. இரண்டு பேரும் ஒருவர் பையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள், திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள். படிவக்காரர் குந்தியபடியே இருந்தார். அவர் கண் வைத்த மூன்றாவது போயிற்று. ஒன்பதாவது போயிற்று. ஐந்தாவதை நாத்தனாரே வாங்கினாள். பக்கத்துக் கடையில் தக்காளி மலைமாதிரி இருக்க, அவள் அண்ணியிடம் விலை கொடுத்து வாங்கினாள்.

கடைசியில் இரண்டு மிஞ்சின.

"சீக்கிரம் சார்" என்றாள் கூறுக்காரி. "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. முதல்ல நீங்க."

"உங்களுக்கா?"

"கடைசியா மிஞ்சுறது கூறு போட்டவளுக்கு. விக்கக்கூடாது. அதுதான் இன்னிக்கு எங்க வீட்டுக் குழம்பு."

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டில் ஒன்றை எடுத்துத் தன் தோல்பையில், படிவங்களுக்கு மேலேயே வைத்தார். எழுந்தார். நாலடி போனார். திரும்பி வந்தார்.

"நான் இதைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கலாமா?"

"தாராளமா."

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. அவர் சாக்கின் மேலிருந்த கடைசிக் கூறைப் பார்த்தார். தன் பைக்குள் பார்த்தார். மறுபடி சாக்கு, மறுபடி பை. பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். "இதே இருக்கட்டும்."

சந்தையே கொல்லென்று சிரித்தது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. வேலையென்றால் வேலை. குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் போகாமல் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். உங்களுடையதைக் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொள்வீர்களா? அதைக் கொடுத்துவிட்டு இதை?

"எதுக்குங்க?" என்றார் தையல்காரர்.

"எனக்கு இது சரியா இருக்கு" என்றாள் டீச்சர்.

மெஸ்காரர் மட்டும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "சார், எழுதறது எவ்வளவு வேணா எழுதுங்க. என் தக்காளி மேல மட்டும் கை வெக்காதீங்க."

"நேத்து மாத்தி மாத்தி வெச்சீங்களே எல்லாரும்?" என்று நாத்தனார் கேட்டாள். அந்தக் கேள்வி படிவக்காரருக்காகத்தான் கேட்கப்பட்டது என்பதை அவள் குரலே சொல்லிற்று.

"நேத்து எல்லாம் ஒரே எடை" என்றாள் கூறுக்காரி, ஒளிக்காமல். "உங்களுக்காக தராசுல வெச்சுப் போட்டேன் சார். இருபது கிராம் பிசகல. நேத்து வந்திருந்தா உடனே எழுதியிருப்பீங்க. ஆனா இங்க சண்டை நடந்துச்சு. கடைசியில எனக்கு மிஞ்சினது மாட்டுக்குக்கூட ஆகாது."

படிவக்காரர் குறிப்பேட்டை மூடினார். சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். படிவத்தை எடுத்தார், ஒரு ஓரத்தில் தக்காளி ஈரம் பட்டிருந்தது. ரப்பரை எடுத்து அந்தச் சின்ன வார்த்தையை அழித்தார். அழித்த இடத்தை ஊதினார். பேனாவைத் திறந்தார்.

"சார், இங்கிலீஷ்ல வேற நல்ல வார்த்தையா ஏதாவது இருக்கா?" என்று டீச்சர் கேட்டாள்.

"இருக்கும். தேடணும்" என்றார். "எனக்குத் தெரிஞ்சதுல இல்ல. ஒழுங்கில்லாததுக்கு இருக்கு, ஒழுங்கானதுக்கு இருக்கு. எண்ண முடியாததுக்கும் இருக்கு. இதுக்கு இல்ல."

அளவு என்ற கட்டத்தில் கூறு என்று எழுதினார். இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தடவை, தமிழ் எழுத்தில் ஒரு தடவை. பக்கத்தில் விளக்கம் என்று ஒரு நீளமான கட்டம் இருந்தது. மற்ற எல்லாக் கடைகளின் படிவத்திலும் அது காலியாகவே கிடந்தது. அதில் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். எழுதினதைத் தனக்குள் ஒரு முறை படித்துப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள் கூறுக்காரி. இரண்டு நாளைக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. ஆனால் அன்றைய குரல் இல்லை.

அவர் தமிழில் நிதானமாகச் சொன்னார்: "'கூறு: கடைசியாக மிஞ்சுவதை, போட்டவரே எடுத்துக்கொள்ளும் அளவு.'"

கூறுக்காரி அதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"சரியா இருக்கு" என்றாள்.

"மேல இருக்கறவங்க, இது எத்தனை கிராம்னு கேட்டா?" என்றாள் நாத்தனார்.

"கேக்கட்டும்மா" என்றார் அவர், ஸ்கேலை எடுத்துக்கொண்டே. "ஒரு நாள் வந்து வாங்கிப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு அந்த வரியின் அடியில் கோடு இழுத்தார். ஒன்று போதாதென்று இரண்டு. பிறகு உள்ளே நாலாவது மேடை, குழாய்க்குப் பக்கத்தில் என்று எண் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் பையை அணைத்தபடியே போனார். வாசல் வரை போகிற அவரை நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு தடவை பைக்குள் எட்டிப் பார்த்தாராம். திரும்பி மட்டும் வரவில்லை.

"அண்ணி, என் கடையில நாலு கூடை வெங்காயம் எடைக்குப் போகாம கிடக்கு" என்றாள் நாத்தனார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "பெருசும் சிறுசுமா."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒரு நாளைக்கு மண்ணுல வீடு கட்டிக் குடுங்களேன்."

"கடைசிக் கூறு எனக்கு. சம்மதமா?"

"சம்மதம்."

"அப்போ நாளைக்குக் காலையில. உன் பொட்டியைத் துணி போட்டு மூடிட்டு வா."

கூறுக்காரி கடைசிக் கூறை முந்தானையில் முடிந்துகொண்டாள். சாக்கை உதறி மடித்தாள். இன்று பெரிய தெரு வழியாகப் போனாள். அதிலும் நடுவில் நடந்தாள். எதிரே சைக்கிளில் வந்த ஒருத்தன் மணியடித்து மணியடித்துப் பார்த்துவிட்டு, தானே ஓரமாக ஒதுங்கிப் போனான்.

வீட்டுக்காரர் பாரவண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டு வந்தது. முதல் கவளம் வாய்க்குள் போனதும் அவர் தலை தூக்கவில்லை. இரண்டாவதுக்கும் தூக்கவில்லை. மூன்றாவது போனபிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது யார் போட்ட கூறு?"

"ஏன், நாக்குக்குத் தெரியலையாக்கும்?" என்றாள் அவள். கரண்டியால் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், அவர் கேட்பதற்கு முன்பே.